அப்பா குளித்தாரா என்று கேட்காதீர்கள், சோப்பைப் பாருங்கள்

முதியோர் நலம்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது பற்றிப் போன இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எவ்வளவு உதவி தேவை என்பதை யார் முடிவு செய்வது, எதை வைத்து? சரி, இந்த முறை சர்க்கரையும் மூட்டுவலியும் ஓரமாக இருக்கட்டும், இதை மட்டும் பேசலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. அம்மா போன பிறகு இரண்டு வருடமாகக் கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், நான் கோயம்புத்தூரில். போனில் கேட்டால் "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா "அப்பா ரொம்பத் தளர்ந்துட்டார், வந்து பாரு" என்கிறார். எங்கள் டாக்டரோ "ஏ.டி.எல். எப்படி இருக்குன்னு பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது என்ன, நான் எப்படிப் பார்ப்பது?
வாசகி, கோயம்புத்தூர்

பயப்படாதீர்கள், அது ரத்தப் பரிசோதனை இல்லை. ஒரு மனிதர் காலையில் எழுந்ததிலிருந்து தன் உடம்புக்காகச் செய்துகொள்ளும் அன்றாடக் காரியங்களுக்கு ஆங்கிலத்தில் வைத்த பேரின் சுருக்கம், அவ்வளவுதான். 1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் எழுதிய பட்டியலைத்தான் இன்றைக்கும் உலகம் பூராவும் கையில் வைத்திருக்கிறோம். மொத்தம் ஆறு: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது, சிறுநீர் மலத்தை அடக்க முடிவது, தானாகச் சாப்பிடுவது. இன்னொருவர் கை படாமல் நடந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஆறு வாங்குகிறவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார், நான்கு என்றால் ஓரளவு தளர்ச்சி, இரண்டோ அதற்குக் கீழோ என்றால் பக்கத்தில் ஆள் இல்லாமல் முடியாது.

மதிப்பெண் போடும்போது ரொம்பக் கறாராகவும் இருக்க வேண்டியதில்லை. முதுகு மட்டும் யாராவது தேய்த்துவிட்டால் போதும் என்றால் குளியலுக்கு ஒன்று போடலாம். இட்லியை யார் அவித்தார்கள் என்பது கணக்கில் இல்லை, பிட்டு வாயில் வைப்பது அவர் கைதானா என்பதுதான் கணக்கு.

காட்ஸ் கவனித்ததில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. தளரும்போது பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசி வரை நிற்பது சாப்பாடு. உடம்பு தேறும்போது இதுவே தலைகீழாகத் திரும்பி வரும், சின்னக் குழந்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிற வரிசையில். அதனால் "அப்பா நல்லா சாப்பிடறார், ஒண்ணும் கவலையில்ல" என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் பெரிய நிம்மதி கிடைப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது குளியலறையை.

பல வருடம் முன்னால் திருவானைக்காவலில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவர் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். "தினம் ஆறு மணிக்குப் பச்சைத் தண்ணியிலதான் குளியல், நாப்பது வருஷப் பழக்கம்" என்றார், நானும் நம்பி எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது கை கழுவலாமென்று குளியலறைக்குள் போனால், சோப்பு காய்ந்து குறுக்கே வெடித்துக் கிடக்கிறது. வாளி கவிழ்த்து வைத்தபடி, அதன் அடியில் தூசி. பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். ஒரு முறை அங்கே வழுக்கி விழுந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை, அதற்கப்புறம் குனிந்து சொம்பில் தண்ணீர் மொள்ளவே பயம், ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு விபூதி இட்டுக்கொள்வதோடு சரி. சுவரில் ஒரு கைப்பிடி, முதுகு சாய்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, குனியாமல் மொள்ள ஒரு ஸ்டூலின் மேல் வாளி. இதற்குப் பிறகு மனிதர் ஆள் உதவி எதுவும் இல்லாமல் திரும்பக் குளிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதனால் "உங்களால் முடியுமா" என்று கேட்டு எழுதுகிற மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். முடியும் என்பது வேறு, செய்கிறார் என்பது வேறு. நீங்கள் இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி கும்பகோணம் போங்கள். போனவுடன் சமையலறையைக் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுதான் பெண்கள் செய்கிற முதல் தப்பு, நானும் என் அப்பா வீட்டில் அதைத்தான் செய்தேன். சும்மா உட்கார்ந்து, எழுந்ததிலிருந்து டிபன் முடிகிற வரை பாருங்கள். கட்டிலிலிருந்து எழ எத்தனை முறை ஆடி எழுகிறார், எதைப் பிடிக்கிறார். சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது பனியனோடு இருந்தால், வெயில் காரணமா, பொத்தான் போட விரல் வரவில்லையா. மாத்திரை அட்டையை எண்ணுங்கள். பிரிட்ஜில் எத்தனை நாள் மாவு இருக்கிறது, மின் கட்டணம் கட்டியிருக்கிறதா.

கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, சாதாரணமாக நடந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரச் சொல்லி, போனில் நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே நின்றுகொண்டு செய்யுங்கள், பரிசோதனையிலேயே விழுந்து வைக்கப் போகிறார்.

இரண்டாவது பட்டியல் ஒன்று உண்டு, 1969-ல் அமெரிக்காவில் லாட்டன், பிராடி என்ற இருவர் எழுதியது. போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே பயணம் போவது, மாத்திரை, பணம் என்று எட்டு. தளர்ச்சி பெரும்பாலும் இங்கேதான் முதலில் தலைகாட்டும், குளியலெல்லாம் அதற்கப்புறம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு ஐந்தை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அமெரிக்காவிலேயே அப்படி என்றால் கும்பகோணத்து அப்பாவைப் பற்றிச் சொல்லவா வேண்டும். அவருக்குக் காபி போட வரவில்லை என்றால் அது முதுமையா, ஐம்பது வருடக் கல்யாணமா என்று உங்களுக்குத்தான் தெரியும். முன்னால் செய்துகொண்டிருந்து இப்போது விட்டது எது என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 82. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, வீட்டுக்கு வந்து பத்து நாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "பார்தல் 45" என்று இருக்கிறது. ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் 12 மணி நேர ஆளா, 24 மணி நேர ஆளா, நர்ஸா, அட்டெண்டரா என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
வாசகர், மதுரை

பார்தல் என்பதும் காட்ஸ் மாதிரி ஒரு பட்டியல்தான், 1965-ல் வந்தது, பத்து விஷயம், நூற்றுக்கு மதிப்பெண். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடப்பதற்கும் பதினைந்து பதினைந்து, குளியலுக்கும் முகம் கழுவித் தலை வாருவதற்கும் ஐந்தைந்து, மற்றதற்கெல்லாம் பத்துப் பத்து. ஆனால் 45 என்கிற கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எழுந்து நடக்க முடியாமல், ஆனால் சுயமாகச் சாப்பிட்டு, சிறுநீர் வந்தால் சொல்லத் தெரிந்த ஒருவரும் 45 வாங்கலாம், தட்டுத்தடுமாறி நடந்துகொண்டே ஆடையெல்லாம் நனைத்துக்கொள்கிற ஒருவரும் 45 வாங்கலாம். இரண்டு பேருக்கும் வேண்டிய ஆள் வேறு. ஆஸ்பத்திரியில் பிரிவு பிரிவாக மதிப்பெண் எழுதிய தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அது ஆஸ்பத்திரியில் போட்ட மார்க். அங்கே உயரம் சரியான கட்டில், பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்காரும் வகைக் கழிப்பறை. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? இந்தப் பட்டியல்களை எழுதியவர்களுக்கு நம் ஊர்க் குந்தும் கழிப்பறையும் தெரியாது, தரையில் பாய் போட்டுப் படுப்பதும் தெரியாது, ஆறு கெஜப் புடவையைக் கொசுவி நிற்பது எப்படிப்பட்ட வேலை என்றும் தெரியாது. (ஹரியானாவில் பல்லப்கர் என்ற ஊரில் படிக்காத கிராமத்துப் பெரியவர்களை மனதில் வைத்து நம் நாட்டுக்கென்றே ஓர் அளவுகோல் பிறகு செய்தார்கள், ஆனால் ஆஸ்பத்திரித் தாள்களில் அதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.) இடுப்பு ஆபரேஷன் ஆனவரைக் குந்த வைப்பதா வேண்டாமா என்று சர்ஜனிடம் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி கமோடு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் அம்மாவின் நிலைமையைப் பாருங்கள். கட்டிலை நாலு அங்குலம் உயர்த்தினதாலேயே ஓர் ஆள் தேவை குறைந்த வீடு எனக்குத் தெரியும்.

ஆளைப் பற்றி முடிவெடுக்கும் முன் மூன்று நாள் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு அம்மா கூப்பிட்டார், எதற்கு, ஒருவர் போதுமா இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்ததா, எவ்வளவு நேரம் ஆனது. ராத்திரிக் கணக்கைத் தனியாக வையுங்கள், அதுதான் முடிவு சொல்லும். ராத்திரி ஒரே ஒரு தடவை எழுகிறார் என்றால் பகல் ஆள் போதும், அந்த ஒரு தடவையை வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ளலாம். நாலு தடவை என்றால், 24 மணி நேர ஆள் என்று ஒரே ஒரு பெண்ணை வைத்துவிட்டு அவர் பகலிலும் முழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவருக்கும் தூக்கம் உண்டு. நர்ஸா அட்டெண்டரா என்பது சுலபம். குளிப்பாட்ட, துணி மாற்ற, நடக்கக் கூடப்போக அட்டெண்டர் போதும். மூக்கில் டியூப், சிறுநீர்க் குழாய், ஊசி, படுக்கைப்புண்ணுக்குக் கட்டு என்று இருந்தால்தான் படித்த நர்ஸ்.

பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆறு வாரம் கழித்து இதே பத்து விஷயத்துக்கும் திரும்ப மார்க் போடுங்கள். 45 என்று எழுதினதை ஆறு மாதமாக மாற்றாமல், நடக்கக்கூடியவரைப் படுக்க வைத்தே பழக்கிவிட்ட வீடுகளும் இருக்கின்றன.

கேள்வி: மாமனாருக்கு 80. போன வாரம் வரை மார்க்கெட் போய்வந்தவர். நாலு நாளாக எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், பேச்சும் தாறுமாறாக இருக்கிறது. எவ்வளவு நேர ஆள் தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?
வாசகி, ஈரோடு

கணக்கெல்லாம் அப்புறம். இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாலு நாளில் வருவது முதுமை இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்புக் குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, மூளையில் ரத்தக் கசிவு என்று எதுவும் இருக்கலாம், நிறையப் பேருக்குச் சரிசெய்யக் கூடியது. சமீபத்தில் கீழே விழுந்தாரா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 74. கைகால் எல்லாம் நன்றாக இருக்கிறது, தானே குளிக்கிறார், தானே சாப்பிடுகிறார். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போடுகிறார், குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறார். மதிப்பீடு செய்ய ஒருவரை வரவழைத்தோம். அன்று பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லி என்னை வேலை வாங்கி, கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது வீட்டில் எல்லோரும் நான்தான் இல்லாததைச் சொல்கிறேன் என்கிறார்கள்.
வாசகி, சேலம்

நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெளி ஆள் வந்தால் ஒரு மணி நேரம் உடம்பையும் புத்தியையும் இழுத்துப் பிடித்து நிமிர்ந்து உட்காருவது பெரியவர்கள் எல்லோரும் செய்வதுதான், அதில் சூது எதுவும் இல்லை. சாயங்காலம் அதற்கு வட்டியும் முதலுமாகக் களைத்துப் போவார்கள், அதை நீங்கள் மட்டும்தான் பார்ப்பீர்கள். ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகிற மதிப்பீட்டுக்கு இது தெரியாது.

மறதி வந்தவரிடம் "குளிக்கிறாரா" என்பது தப்பான கேள்வி. யாரும் சொல்லாமல் குளிக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஞாபகப்படுத்துவதும் உதவிதான், பக்கத்தில் நின்று "இப்போ சோப்பு போடுங்க, இப்போ தண்ணி ஊத்துங்க" என்று சொல்வதும் உதவிதான். இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது, அதனால் வீட்டிலும் அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அடுத்த முறை வருகிறவருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், மாமியார் முன்னால் வைத்துப் பேச வேண்டாம். "செவ்வாய்க்கிழமை பால் தீய்ந்தது, வெள்ளிக்கிழமை மாத்திரை இரண்டு தடவை" என்று தேதி போட்டு எழுதுங்கள், "எப்பவும் மறக்கிறார்" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

வருகிறவர் உட்கார்ந்து பேசாமல், மாமியாரைக் காபி போடச் சொல்லிப் பார்க்கட்டும். டிகாக்ஷன், பால், சர்க்கரை, அடுப்பை அணைப்பது என்று வரிசை தப்புகிறதா என்பதில் அரைமணி நேரப் பேச்சில் கிடைக்காதது கிடைக்கும். முப்பது மார்க் ஞாபகப் பரிசோதனை ஒன்று 1975-லிருந்து இருக்கிறது, தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது என்றெல்லாம் கேட்பார்கள். உபயோகம்தான், ஆனால் நிறையப் படித்தவர் மறதி இருந்தும் தேறிவிடுவார், பள்ளிக்கூடம் போகாதவர் நன்றாக இருந்தும் தோற்றுவிடுவார். கூடவே தைராய்டு, பி12, காது, கண் எல்லாவற்றையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வும் மறதி வேஷம் போடும்.

அப்புறம், உங்கள் கணவர் ஒரு வாரம் லீவு போட்டு, நீங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கும்போது தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். இது மருத்துவ ஆலோசனை இல்லை, ஆனால் இதைவிடச் சீக்கிரம் வேலை செய்கிற பரிசோதனையை நான் பார்த்ததில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு எல்டர்ஷீல்டு என்ற இங்கத்திய இயலாமைக் காப்பீடு இருக்கிறது. ஆறில் மூன்று செய்ய முடியாவிட்டால்தான் பணம் என்கிறார்கள். எந்த ஆறு?
வாசகர், சிங்கப்பூர்

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. 2002-ல் வந்த எல்டர்ஷீல்டுக்கும், 2020-ல் வந்த கேர்ஷீல்டு லைஃபுக்கும் இதே கணக்குதான். காட்ஸ் பட்டியலில் தனியாக இருந்த சிறுநீர் மலக் கட்டுப்பாட்டை அங்கே கழிப்பறையோடு சேர்த்து, நடையைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்தான் பார்த்து எழுத வேண்டும், குடும்ப டாக்டரின் கடிதம் மட்டும் போதாது. சேலத்து வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும்தான். உங்கள் அப்பா அன்றைக்கென்று "ஐ கேன், ஐ கேன்" என்று எழுந்து நின்றுவிடப் போகிறார், நீங்கள் எழுதிய நோட்டு கையில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 76, ஓய்வு பெற்ற ஆசிரியன். நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு என் பிள்ளைகள் எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள். நாற்காலியில் எழு, உட்கார், இன்றைக்கு என்ன தேதி. நான் முப்பத்தைந்து வருடம் மார்க் போட்டவன். போன மாதம் வங்கிப் படியில் கால் இடறியது, அன்றோடு என் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இது நியாயமா?

இல்லை, ஐயா. உங்கள் கோபம் சரி, அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு, முதல் கேள்விக்கு நான் எழுதின பதிலே ஒளிந்திருந்து பார்க்கச் சொல்கிற மாதிரிதான் இருக்கிறது. உங்களைக் கூட வைத்துக்கொண்டுதான் இது நடக்க வேண்டும். என்ன எழுதுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், முதல் கேள்வி "உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது, எதை விடவே மாட்டீர்கள்" என்று உங்களிடம்தான் வர வேண்டும்.

உங்கள் பிள்ளைகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தம்பிகளே, அப்பாவுக்கு இடறியது படியில். பணக்கணக்கில் அவர் ஒரு பைசா தப்பு விட்டதாக அப்பா எழுதவில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். லாட்டன் பட்டியலில் பயணம் ஒரு வரி, பணம் வேறு வரி. ஒரு வரியில் மார்க் குறைந்ததற்கு இன்னொரு வரியைப் பிடுங்கக் கூடாது. பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுங்கள். வங்கிக்குக் கூடப் போய்ப் படியில் மட்டும் கை கொடுங்கள், கவுன்டரில் தள்ளி நில்லுங்கள்.

ஐயா, உங்களுக்கும் ஒன்று. ஏன் இடறியது என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆகிறது, எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா, பிரஷர் மாத்திரை புதிதாக ஏதாவது சேர்த்தார்களா? டாக்டரிடம் படுத்தபடியும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20-ஓ அதற்கு மேலோ இறங்கினால் அதுதான் காரணமாக இருக்கலாம், மாத்திரையை மாற்றினாலே சரியாகலாம். அடுத்த மாதம் பென்ஷன் எடுக்கப் போகும்போது அந்த வங்கிக்கு எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.